கண்டக்டர் சித்தியும் மேனேஜர் கிடாவும்

என் சித்தி வாழ்நாளில் பாதியை ஓடும் பஸ்ஸில் நின்றுகொண்டே கழித்தவள். கண்டக்டர் வேலை. யாராவது சும்மா உட்கார்ந்திருந்தால் அவளுக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். டிக்கெட் எடுத்த முகமா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பேச்சையே தொடங்குவாள். விருந்தாளி வந்தால் "வாங்க" என்று சொல்ல மாட்டாள். "உள்ள போங்க, உள்ள போங்க, வாசல்ல நிக்காதீங்க" என்பாள். கல்யாணமும் செய்துகொண்டாள். சித்தப்பா பாதி வழியிலேயே இறங்கிவிட்டார். "மிச்சத் தூரத்துக்குக் காசு திருப்பிக் கேக்காம போனாரே, அந்த வரைக்கும் நல்ல மனுஷன்." அவரைப் பற்றி அவள் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

முட்டி தேய்ந்து வேலையை விட்டபோது, இனி அவள் உட்கார்ந்து சீரியல் பார்ப்பாள் என்று குடும்பமே நினைத்தது. அவள் கிடா வளர்க்கப் போனாள்.

கறிக்காக அல்ல. பெட்டை ஆடு வைத்திருப்பவர்கள் எல்லோரும் கிடா வைத்திருப்பதில்லை. ஒரு கிடா தின்னும் தீனியும் அடிக்கும் நாற்றமும் அப்படி. பெட்டை பருவத்துக்கு வந்தால் நல்ல கிடா எங்கே இருக்கிறது என்று விசாரித்து ஓட்டிக்கொண்டு வருவார்கள். சித்தியின் வீட்டுக் கொல்லை அந்த விசாரணை வந்து நிற்கும் இடமாயிற்று. காலையில் கயிறும் கையுமாக நாலைந்து பேர் காத்திருப்பார்கள். "அவசரப்படாதீங்க, எல்லாருக்கும் இடம் இருக்கு, முன்னாடி வந்தவங்க முன்னாடி" என்று அவள் பட்டிக் கதவில் சாய்ந்து நிற்பாள்.

"ஒரு பொம்பளை செய்யற தொழிலா பாப்பா இது?" என்று மாமா கேட்டார். சித்தியின் அண்ணன். வங்கியில் பெரிய நாற்காலியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஐம்பதைத் தாண்டிய தங்கையை இன்னும் பாப்பா என்றே கூப்பிடுவார்.

"நான் ஒண்ணும் செய்யறதில்லையேண்ணே. எல்லாம் கிடாதான் செய்யுது."

மாமா அதற்குப் பிறகு சில மாதங்கள் அந்தப் பக்கம் வரவில்லை.

நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பியபோது கையில் ஒரு பை இருந்தது, வேறொன்றும் இல்லை. அம்மாவும் நானும் ஒரே கூரைக்குக் கீழே அதிக நாள் தாக்குப்பிடிக்க மாட்டோம். சித்தி வீட்டு முன்னறை காலியாக இருப்பதாகச் சொன்னாள். ஏன் காலியாக இருக்கிறது என்பது கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறியது. பல நாட்டு விடுதிகளில், பல பேருடைய காலுறைகளுக்கு நடுவில் தூங்கியவள் நான். அந்த வாடைக்கு அவையெல்லாம் பூந்தோட்டம்.

"கிடா வாடைடி. இது பருவக் காலம். ரெண்டு நாள்ல மூக்கு மரத்துடும்" என்றாள் சித்தி.

வாடையின் சொந்தக்காரர் கொல்லையில் நின்றுகொண்டிருந்தார். பெயர் மேனேஜர். முதுகு என் இடுப்புக்கு மேலே. தொங்கும் காதுகள், பின்னால் வளைந்து நுனியில் வெளிப்பக்கமாகத் திரும்பிய கொம்புகள், முழ நீளத்துக்குத் தாடி. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலையைக் கவிழ்த்துத் தன் தாடியிலும் முன்னங்கால்களிலும் தானே மூத்திரம் பெய்துகொண்டார். பிறகு மேலுதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டி, வானத்தைப் பார்த்து எதையோ யோசித்தார். பெட்டைகளைக் கவரக் கிடாக்கள் செய்துகொள்ளும் அலங்காரம் அது. சித்தியின் பழைய டிப்போ மேனேஜர் லீவு விண்ணப்பத்தைப் படிக்கும்போது இதே மூஞ்சியைத்தான் வைத்துக்கொள்வாராம். பெயர் அப்படி வந்தது.

அந்த இனத்தின் உண்மையான பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. எங்கிருந்தோ லாரியில் வந்து இறங்கியதாலும், பார்க்கவும் அப்படியே இருந்ததாலும், லாரி இனம் என்றார்கள். குட்டிகள் கொழுகொழுவென்று பிறக்கும். அதனால் வெகுதூரத்திலிருந்தெல்லாம் பெட்டைகள் வந்தன. சித்தியிடம் இருந்த லாரி இனக் கிடா மேனேஜர் ஒருவர்தான். அவர் நின்றால் வீடு நிற்கும், அவர் போனால் தொழில் போகும். தொழில் போனால் என்ன ஆகும் என்பதையும் மாமா முடிவுசெய்து வைத்திருந்தார். அவர் வீட்டில் வாஷிங் மெஷின் வைத்திருக்கும் அறையில் ஒரு கட்டில் போட்டாயிற்று. பக்கத்து அறையில் அவருடைய பேரப்பிள்ளைகள்.

"பாப்பாவுக்கும் ஒரு துணை, பிள்ளைங்களுக்கும் ஒரு துணை" என்பார்.

"பிடிச்சு நிக்க ஒரு கம்பிகூட இல்லாத ரூம்டி அது" என்பாள் சித்தி என்னிடம்.

*

மேனேஜர் ஆளை முட்டுவார் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்திதான். பெட்டை ஓட்டி வருபவர்கள் யாரும் பட்டிக்குள் காலை வைப்பதில்லை. அவர் முன்னால் குனியக் கூடாது, முதுகைக் காட்டக் கூடாது, அவருக்கும் பெட்டைக்கும் நடுவில் போய் நிற்கவே கூடாது. வேறு கிடாவைத் தொட்டுவிட்டு அந்தக் கையோடு வந்தால் கதை முடிந்தது. இதெல்லாம் எல்லாக் கிடாவுக்கும் உள்ள குணம். மேனேஜரிடம் இன்னொன்றும் இருந்தது. சாதுவாக அசை போட்டுக்கொண்டிருப்பார். திடீரென்று எந்தக் காரணமும் இல்லாமல் எழுந்து ஓடிவந்து, எதிரில் இருப்பது கதவோ, வாளியோ, மனிதனோ, தொடை உயரத்தில் ஒரு முட்டு.

"லாரி இனம். ரத்தம் அப்படி" என்றார்கள் எல்லோரும். சித்தியும் தலையை ஆட்டினாள்.

ஒருநாள் பக்கத்து மாடியில் குடியிருந்த அக்கா கரண்டியும் கையுமாக இறங்கி வந்தாள்.

"கண்டக்டரக்கா, உங்க மேனேஜருக்கும் என் குக்கருக்கும் என்ன பகை?"

"ஏன், என்னாச்சு?"

"மூணு நாளா பாக்கறேன். முதல் விசில் வந்தா காதை ஆட்டறான். ரெண்டாவது வந்ததும் எழுந்து ஓடிப் போய் கதவை முட்டறான். மூணாவதுக்குக் கதவு இருக்குமான்னு பயந்து நான் அடுப்பை அணைச்சிடறேன். எங்க வீட்டுக்காரர் பருப்பைத் தின்னுட்டு என்னைப் பாக்கற பார்வை இருக்கே."

செக்கர் ஏறியதும் டிக்கெட் எடுக்காதவன் முகம் ஒரு மாதிரி ஆகுமே, சித்தியின் முகம் அப்படி ஆயிற்று. "காத்து மாறியிருக்கும்" என்று உளறி அக்காவை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"என்ன சித்தி?"

"வெளிய சொன்னேன்னு வை, உன் பையைத் தெருவுல போட்டுடுவேன்."

மேனேஜர் பிறந்த அன்றே தாய் செத்துவிட்டது. சித்தி குட்டியைச் சமையலறையில் வைத்துப் புட்டிப்பால் கொடுத்தாள். இரவில் அவள் கட்டிலுக்குக் கீழே படுக்கை. வேலையை விட்டு வந்த புதிது. கை சும்மா இருக்கவில்லை, வாயும் சும்மா இருக்கவில்லை. பால் ஆறியதும் பழைய விசிலை எடுத்து இரண்டு முறை ஊதுவாள். பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் கிளம்பு. இரண்டு விசில் கேட்டதும் குட்டி எங்கிருந்தாலும் காதுகள் பறக்க ஓடிவரும். ஆட்டுக்குட்டி மடியை முட்டினால்தான் தாய் பாலை இறக்கும். அது குட்டிக்குப் பிறவிப் புத்தி. புட்டிக்கு மடி இல்லை. அதனால் குட்டி சித்தியின் தொடையை முட்டியது. சித்திக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முட்ட முட்ட, இன்னும் நல்லா முட்டு என்று பாலைக் கொடுத்தாள். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ஊதிக் காட்டினாள்.

"அழகா இருக்கும்டி. இத்துனூண்டு தலை."

"இப்ப எத்துனூண்டு?"

"வாயை மூடு."

ஆக, மேனேஜர் கோபத்தில் முட்டவில்லை. பால் கேட்டார். தாய் என்று எது முன்னால் நிற்கிறதோ அதனிடம்.

அடுத்த வாரம் சித்தி தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். குக்கரை ஒரு விசிலோடு அணைத்துவிட வேண்டும், இரண்டாவது விசிலில் சத்தெல்லாம் ஆவியாகப் போய்விடுகிறது, டாக்டர் சொன்னார் என்றாள். எந்த டாக்டர் என்று கேட்டால் "பெரிய டாக்டர்" என்றாள். பஸ்ஸில் கூட்டத்தையே பின்னுக்குத் தள்ளிய குரல் அது, தெரு கேட்டுக்கொண்டது. சில நாட்களுக்கு அந்தத் தெருவே கூழாங்கல் மாதிரியான பயறைக் கடித்துக்கொண்டிருந்தது. கோடி வீட்டுக்காரருக்குக் கடைவாய்ப் பல் உடைந்தது. மேனேஜரால் தெருவில் ஏற்பட்ட முதல் சேதம் அந்தப் பல்தான். பாவம், அவருக்கே அது தெரியாது.

*

இரண்டாவது சேதத்தை எல்லோரும் பார்த்தார்கள்.

கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூட மைதானம். புதிதாக வந்திருந்த விளையாட்டு வாத்தியார் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திவிட்டுக் கழுத்தில் தொங்கிய விசிலை இரண்டு முறை ஊதினார். அவ்வளவுதான். மேனேஜர் தண்ணீர்த் தொட்டியில் ஒரு கால், சுவரில் ஒரு கால் வைத்து அந்தப் பக்கம் குதித்தார். பிள்ளைகள் சிதறி ஓடினார்கள். வாத்தியார் ஓடவில்லை. பிள்ளைகளுக்கு முன்னால் ஓடுவது எப்படி என்று யோசித்திருப்பார். வாங்கிய முட்டில் அவர் மண்டியிட்டு விழுந்தார். மண்டியிட்டவரைப் பார்த்து மேனேஜர் பின்னங்காலில் எழும்பி, முழு எடையோடு தோளில் இறங்கினார். கழுத்துப்பட்டை எலும்பு உடைந்தது. கொம்பு நுனி ஒரு விரற்கடை தள்ளி வந்திருந்தால் கண் போயிருக்கும். நான் சுவர் ஏறிக் குதித்துப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வாத்தியார் மண்ணில் கிடந்தார். மேனேஜர் அவர் சட்டைப் பையை மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே புட்டி இல்லை.

மாலையில் கால்நடை டாக்டரம்மா வந்தாள், வெறிநோய் ஏதாவது இருக்குமோ என்று பார்க்க. கம்பிக்கு வெளியிலிருந்தே வெகுநேரம் பார்த்தாள். மேனேஜர் கம்பிமேல் காலைத் தூக்கிப் போட்டு அவள் கையை நக்கினார்.

"நோயெல்லாம் ஒண்ணுமில்ல. புட்டிப்பால்ல வளர்த்த கிடாவா?"

"சேச்சே. தாய்கிட்டதான் குடிச்சான்" என்றாள் சித்தி. நான் தொட்டியைப் பார்த்தேன்.

"ஏன் கேக்கறேன்னா, செம்மறிக் கிடா பின்னால போய் ஓடிவந்து முட்டும். விலக நேரம் கிடைக்கும். வெள்ளாட்டுக் கிடா நின்ன இடத்துலயே எழும்பி மேல விழும். அதைவிட ஆபத்து, மனுஷங்ககிட்ட வளர்ந்தது. அதுக்கு நாமளும் ஆடுதான். சின்னதுல விளையாட்டா முட்டும், பெருசானா போட்டிக் கிடான்னு நெனச்சு முட்டும். மிரண்டு ஓடற கிடா யாரையும் ஒண்ணும் பண்ணாது. கைய நக்கறது பாருங்க, இதுதான் ஆளைக் கொல்லும்."

"கொம்பை அறுத்துட்டா?" என்றேன்.

"வளர்ந்த கொம்புக்குள்ள ரத்தம் ஓடுதும்மா. அறுத்தா மண்டை வரைக்கும் ஓட்டை."

"எல்லாம் இனம் டாக்டரம்மா. லாரி இனமே இப்படித்தான்" என்றாள் சித்தி, என் கண்ணைப் பார்க்காமல்.

அன்று தெருக் கூட்டத்திலும் இதையே சொன்னாள். இனத்தின் மேல் பழியைப் போடுவது சுலபமாக இருந்தது. இனம் எழுந்து நின்று மறுக்கப் போவதில்லை. ஆனால் அதன் விலையை அவள் அப்போது யோசிக்கவில்லை. இனம்தான் கெட்டது என்றால் மேனேஜரைத் திருத்த முடியாது, அடுத்து வேறொரு லாரிக் கிடாவும் வாங்க முடியாது. கூட்டம் அதை உடனே புரிந்துகொண்டது. மாதக் கடைசிக்குள் கிடா போக வேண்டும், அந்த இனத்தில் இனி எதுவும் தெருவுக்குள் வரக் கூடாது என்றார்கள். மாமாவும் வந்திருந்தார். கட்டிலுக்கு மெத்தை வாங்கிவிட்டதாகச் சொன்னார்.

சித்தி விடவில்லை. சொல்லிக் கொடுத்ததை மறக்கடித்துவிட்டால் தீர்ந்தது என்றாள். இரண்டு விசில் ஊதி, பாலும் கொடுக்காமல், ஆளும் நகராமல் இருந்தால் அவனுக்கே அலுத்துவிடும். அந்த நகராத ஆள் நான். பழைய பஸ் சீட் மெத்தை ஒன்றை என் இரண்டு தொடைகளிலும் கயிறு போட்டுக் கட்டி, பட்டிக் கதவுக்கு வெளியே நிறுத்தினாள். எத்தனையோ நாடுகளில் என்னென்னவோ வேலை செய்திருக்கிறேன். இப்படி ஒரு வேலைக்கு யாரும் என்னைக் கேட்டதில்லை.

"ஊதட்டா?"

"சித்தி, நான் அம்மா வீட்டுக்கே போயிடறேன்."

ஊதினாள். கதவின் குறுக்குக் கம்பி என் தொடையின் வடிவத்துக்கு வளைந்தது. மறுபடி ஊதினாள். பால் வராத கோபம் சேர்ந்து இன்னும் பலமாக வந்தது முட்டு. நாளுக்கு நாள் மறப்பதற்குப் பதில் அவர் தேறிக்கொண்டே வந்தார். கம்பிகள்தான் தேய்ந்தன.

*

மாதக் கடைசி வந்தது. மாமா ஒரு வேனையும் கறிக்கடைக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தார். கறிக்கடைக்காரருக்கே இதில் இஷ்டமில்லை.

"சார், பருவத்துல இருக்கற கிடா. இந்தக் கறியை வாயில வைக்க முடியாது. நாயே யோசிச்சுட்டுத்தான் திங்கும். உங்களுக்காக வந்தேன்."

"நாய்க்குப் போடு, என்ன வேணா பண்ணு. இடத்தைக் காலி பண்ணணும்."

சித்தி மேனேஜருக்குக் கயிறு மாட்டினாள். கொம்புக்கு நடுவில் சொறிந்துவிட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கயிற்றைக் கறிக்கடைக்காரர் கையில் கொடுத்துவிட்டு அவள் சுவரோரம் போய் நின்றபோது, அவள் முகத்தை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

வேன் பின்பக்கமாகச் சந்துக்குள் வர வேண்டியிருந்தது. மாமா வாசலில் நின்று கையை ஆட்டி வழிகாட்டினார். டிரைவர் தயங்கினான். மாமாவுக்குச் சிறு வயதிலிருந்தே ஒரு திறமை உண்டு. இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடிப்பார். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. வா வா என்பதற்குப் பதிலாக விரலை வைத்து இரண்டு முறை அடித்தார்.

கயிறு கறிக்கடைக்காரரின் உள்ளங்கையை உரித்துக்கொண்டு போயிற்று.

மாமா வேனைப் பார்த்தபடி முதுகைக் காட்டி நின்றார். போதாக்குறைக்குச் சக்கரத்தைப் பார்க்கக் குனிந்தார். சித்தி கத்தவில்லை. ஓடவும் அவள் முட்டிக்கு முடியாது. ஆனால் ஓடும் பஸ்ஸில் பிரேக் போட்டால் முன்னால் போய் நிற்கத் தெரிந்த உடம்பு அது. எப்படியோ நடுவில் வந்துவிட்டாள். "டேய்" என்று தன் தொடையைத் தட்டினாள்.

மேனேஜர் அங்கேயே வந்து முட்டினார். குட்டியில் முட்டிய அதே தொடை.

உலர்ந்த கிளை முறிவது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. சித்தி உட்காரவில்லை, அப்படியே மடிந்தாள். கிடா பின்னங்காலில் எழும்பினார். விழுந்துகிடந்தவள் மேல் அந்த எடை இறங்கியிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். கறிக்கடைக்காரர் பக்கவாட்டில் பாய்ந்து ஒரு கையில் தாடியையும் ஒரு கையில் கொம்பையும் பிடித்துத் திருகினார். நான் கிடைத்த சாக்கை எடுத்துத் தலையில் போட்டேன். கண் மறைந்ததும் மேனேஜர் அமைதியானார். சாக்குக்குள்ளிருந்து மெல்லிய குரலில் ஒரு முறை கத்தினார், குட்டி மாதிரி.

மாமா அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். "என்னாச்சு?" என்றார்.

*

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்த டாக்டர், "காரா, பைக்கா?" என்று கேட்டார்.

"மேனேஜர்" என்றேன் பதற்றத்தில்.

"ஆபீஸ்ல கை வைக்கற அளவுக்குப் போயிடுச்சா?" என்றார் அவர்.

தொடையில் தகடு வைத்தார்கள். கண் விழித்ததும் சித்தி முதலில் கேட்டது மேனேஜர் எங்கே என்று. டாக்டரம்மாவின் தயவில் கால்நடை ஆஸ்பத்திரிக் கொட்டகையில் கட்டியிருக்கிறது, கறிக்கடைக்காரர் கைக்கட்டோடு வீட்டுக்குப் போய்விட்டார் என்றேன்.

மாமா கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். அழுதிருந்தார். ஆனாலும் திட்டத்தை மறக்கவில்லை.

"பாப்பா, என் உயிரைக் காப்பாத்திட்ட. இனிமே நீ ஒண்ணும் பேசக் கூடாது. நேரா நம்ம வீட்டுக்குத்தான். அந்த இனமே சனியன் பிடிச்ச இனம். இதுவும் இப்படித்தான், அடுத்து வர்றதும் இப்படித்தான். இனி ஆட்டுப் பேச்சே வேண்டாம்."

சித்தி கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். வாஷிங் மெஷின் அவள் காதில் சுற்றியிருக்க வேண்டும்.

"இனம் இல்லண்ணே."

"என்ன?"

"இனம் ஒண்ணும் பண்ணல. நான்தான்." ஒரு மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். புட்டி, விசில், தொடை, குக்கர், பெரிய டாக்டர். நலம் விசாரிக்க வந்து கால்மாட்டில் நின்றுகொண்டிருந்த கால்நடை டாக்டரம்மா இடுப்பில் கை வைத்தாள்.

"தாய்கிட்டதான் குடிச்சான்னு சொன்னீங்களே."

"குடிச்சான். தாய் நான்தான்."

மாமா எதையோ கணக்குப் போட்டார். "அப்ப நான் விசில் அடிச்சது..."

"கிளம்பச் சொல்லியிருக்கீங்க. கிளம்பினான். நல்ல டிரைவர்."

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக் கூடாத இடம் என்பதால் இன்னும் அதிகமாக வந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கியபோது, வாஷிங் மெஷின் அறையைப் பற்றி அவர் மறுபடி பேச்செடுத்தார். ஆனால் முன்பிருந்த உறுதி குரலில் இல்லை.

"தப்பு வளர்ப்புலதான்னா, அடுத்ததை ஒழுங்கா வளர்ப்பேன்" என்றாள் சித்தி. "நடக்க முடிஞ்ச அன்னிக்கு ஆரம்பிப்பேன். முடியலன்னா உங்க வீட்டுக்கு வரேன். பிள்ளைங்களுக்கு விசில் வாங்கி வைங்க."

ஊன்றுகோலோடு அவள் முதலில் போனது விளையாட்டு வாத்தியார் வீட்டுக்கு. அவர் தோள்கட்டை இன்னும் அவிழ்க்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என்கிட்ட ரெண்டு விசில்னா அசையாம நில்லுங்கன்னு அர்த்தம். நான் சொன்னதை நானே கேட்டேன், அதான் அடி" என்றார். பிறகு தெருக்காரர்களையும் கூட்டிவைத்துச் சித்தி தன் தப்பைச் சொன்னாள். கோடி வீட்டுக்காரர் மட்டும் கடைசிவரை மன்னிக்கவில்லை; செயற்கைப் பல்லைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். தெரு ஒரு நிபந்தனை போட்டது. புதிதாகக் கிடா வந்தால் டாக்டரம்மா அதைப் பார்த்து, இது மனிதர்களைக் கண்டால் விலகுகிற கிடா என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதுவும் போகும், சித்தியும் போகலாம்.

மேனேஜரை ஒரு இனவிருத்திப் பண்ணை எடுத்துக்கொண்டது. அங்கே கிடாக்களுக்கு இரட்டைக் கம்பிவேலி, தீனியும் தண்ணீரும் வெளியிலிருந்தே. யாரும் உள்ளே இறங்குவதில்லை. சித்தி போய்ப் பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தாள். காவலாளி விசில் வைத்திருக்கிறானா என்று கேட்டாள். மணி மட்டும்தான் அடிப்பேன் என்றான் அவன். மேனேஜர் வண்டியிலிருந்து இறங்கி, பக்கத்து வேலிப் பெட்டைகளைப் பார்த்து உதட்டைச் சுருட்டி வானத்தைப் பார்த்தார். சித்தியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வேலை மாறிப் போனதும் எல்லாரும் இப்படித்தான்" என்றாள் அவள். திரும்பி வரும் வழி முழுக்க ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

புதுக் குட்டி தாயோடு வந்தது. அதே லாரி இனம், கறுப்பும் பழுப்புமாக, கொம்பு இரண்டு பட்டாணி மாதிரி. பெயர் வைக்கக் கூடாது என்று அவளே முடிவுசெய்துகொண்டாள். தீனியை வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவாள். கையால் ஊட்டுவதில்லை, தலையைத் தள்ளி விளையாடுவதில்லை, கொஞ்சுவதில்லை. பார்க்க வந்த மாமாவைக் கண்டதும் குட்டி தெறித்து ஓடித் தாய்க்குப் பின்னால் ஒளிந்தது.

"என்ன பாப்பா, ஆளைப் பார்த்தாலே இப்படி ஓடுது?"

"ரொம்ப நல்ல பையன்" என்றாள் சித்தி.

டாக்டரம்மா இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுச் சரி என்று தெருவில் சொல்லிவிட்டுப் போனாள். குட்டி கிடாவாகும்வரை பொறுக்க மாட்டாமல் பெட்டைக்காரர்கள் இப்போதே விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். மாமா வீட்டுக் கட்டிலில் இப்போது இஸ்திரி போடாத துணி கிடக்கிறதாம்.

நேற்று மாலை நான் கொல்லைப் பக்கம் போனபோது சித்தி பட்டிக்குள் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். காலை நீட்டி, ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு. அசையாமல் இருந்ததால் குட்டிக்குத் துணிச்சல் வந்திருந்தது. ஒவ்வொரு அடியாக வந்து அவள் சேலைக் கரையை மோந்தது. பிறகு இன்னும் கொஞ்சம் கழுத்தை நீட்டி, சின்னத் தலையை அவள் மடியருகே கொண்டுவந்து நிறுத்தியது.

சித்தி இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தாள். நான் வந்ததைப் பார்த்தாள். கண்ணால் என்னைப் போ என்றாள்.

"போடா அந்தப் பக்கம்" என்றாள் குட்டியிடம். கைகள் வெளியே வரவில்லை. குட்டி திடுக்கிட்டுத் துள்ளித் தாயிடம் ஓடியது.